முகாம் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் முன்

வெள்ள முகாம்னா எல்லாரும் பிஸ்கட்டும் போர்வையும்தான் அனுப்புறாங்க. முதல்ல பார்க்க வேண்டியது தண்ணித் தொட்டி.

33% குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர்னா 1000 லிட்டருக்கு 6 கிராம். அப்படியே தொட்டியில கொட்டாதீங்க. பக்கெட்ல கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சு, சுண்ணாம்பு அடியில படிஞ்சதும் மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க. அரை மணி நேரம் கழிச்சு டெஸ்ட் கிட்ல பார்த்தா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். இல்லேன்னா மறுபடி மருந்து.

பெரும்பாலும் சறுக்குறது ரெண்டு இடத்துல. கலங்கல் தண்ணின்னா சேறே குளோரினைத் தின்னுடும். படிய விட்டு வடிகட்டாம போட்டா வீண். இன்னொண்ணு, வாய் பிரிச்சு ஈரத்துல கிடந்த மூட்டை. வாசனை இருக்கும், வீரியம் இருக்காது.

இவ்வளவு செஞ்சும், வாய் அகன்ற குடத்துல கையோட டம்ளரை முக்கினா போச்சு. குழாய் வச்ச, மூடி போட்ட பாத்திரம் கொடுங்க.

கழிப்பறை 20 பேருக்கு ஒண்ணு. பெண்களுக்கு ஆண்களைப் போல மூணு மடங்கு. உள்தாழ்ப்பாள், விளக்கு கட்டாயம். இருட்டுக்குப் பயந்து தண்ணி குடிக்காமலே இருந்துடுவாங்க.

சேத்துல நின்னு வேலை செய்றவங்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி டாக்டர்கிட்ட கேளுங்க. குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி. நெரிசல்ல அது காட்டுத்தீ.

வந்து இறங்கின அன்னிக்கே இன்சுலின், பிபி, காசநோய் மாத்திரை யார் யாருக்குன்னு எழுதி வாங்கிடுங்க. பாதிப் பேர் மருந்துச் சீட்டையும் தண்ணியில விட்டுட்டுதான் வந்திருப்பாங்க.