ஐம்பது ஃபிரேம் கணக்கு

8 ஜூன் 2024, சனி

பழைய கன்சோல் ஆட்டங்களை ஓட்ட ஒரு கணினி பூட்டப் போகிறேன். எந்தக் கன்சோலுக்கு என்று முடிவு செய்யாமல் பாகங்களின் விலைப்பட்டியலைப் புரட்டுவது வீண் வேலை. என் அலமாரியில் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் ஒரு வரிசை இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பழைய கன்சோலுக்கு உயிர் இருக்கிறது, லென்ஸ்தான் டிஸ்க்கைப் படிக்க முக்குகிறது. ஆகவே வேண்டியவை இரண்டு எமுலேட்டர்கள், அதாவது கன்சோலைப் போலச் செய்து காட்டி அதன் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்கள்: பிளேஸ்டேஷன் 2-க்கு பிசிஎஸ்எக்ஸ்2, பிளேஸ்டேஷன் 3-க்கு ஆர்பிசிஎஸ்3. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் பக்கம் போவதாக இல்லை. அதற்கான யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் கடந்த மார்ச்சில் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள். அந்த வம்பு எனக்கு எதற்கு?

2000-இல் வந்த கன்சோலுக்கு இன்றைய பிராசஸர் எதற்கு என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். பிளேஸ்டேஷன் 2-இன் மையச் சில்லு 300 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. மெமரி 32 எம்பி. ஆனால் அதன் கட்டளைகள் நம் கணினிக்குப் புரியாதவை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை மொழிபெயர்த்துத் தர வேண்டும். மையச் சில்லு, முப்பரிமாணக் கணக்குகளைப் போடும் இரண்டு வெக்டார் யூனிட்டுகள், கிராபிக்ஸ் சில்லு எல்லாம் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் ஓட வேண்டும். இந்தச் சுமையின் பெரும்பகுதி ஒரே திரெட்டின், அதாவது ஒரு கோர் வரிசையாகச் செய்யும் ஒரே வேலைச்சரத்தின், தலையில் விழுகிறது. கிராபிக்ஸுக்கு ஒன்று, இரண்டாவது வெக்டார் யூனிட்டுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கலாம். அதற்கு மேல் பிரிக்க வழியில்லை. பதினாறு கோர் வாங்கினால் பதின்மூன்று சும்மா கிடக்கும். தனிக் கோரின் வேகத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

9 ஜூன், ஞாயிறு

கணினிப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் இன்று கடை இல்லை. படிப்புதான்.

பிளேஸ்டேஷன் 3 நேரெதிரான பிராணி. அதன் செல் பிராசஸரில் ஒரு மையக் கோரோடு எஸ்பியு எனப்படும் சிறு கோர்கள் உண்டு. ஆட்டங்களுக்கு ஆறு எஸ்பியு கிடைக்கும். அவற்றைப் போலச் செய்து காட்ட நிறைய திரெட்டுகள் வேண்டும். ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைத் தொகுப்பு பிராசஸரில் இருந்தால் ஆர்பிசிஎஸ்3-க்கு நல்ல உபயோகம். இன்டெல் இதைப் பன்னிரண்டாம் தலைமுறையில் கொடுப்பதுபோல் கொடுத்துப் பிறகு அடைத்துவிட்டது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் அது இருக்கிறது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டம், 65 வாட்: ரைசன் 5 7600. மலிவான பழைய ரைசன் 5 5600-இல் ஏவிஎக்ஸ்-512 கிடையாது. வெறும் பிளேஸ்டேஷன் 2 போதும் என்பவர் அதையே வாங்கலாம், தவறில்லை.

12 ஜூன், புதன்

“கேமிங் பிசியா சார்? அப்படியென்றால் முதலில் கிராபிக்ஸ் கார்டைப் பார்த்துவிடுவோம்” என்றுதான் கடைக்காரர் தொடங்கினார். அவர் போட்டுக்கொடுத்த பட்டியலில் தொகையில் பாதியை கார்டு விழுங்கியிருந்தது; பிராசஸர் இருப்பதிலேயே சிறியது. இன்றைய ஆட்டங்களுக்கு அது சரியான கணக்கு. எனக்கு அதைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5-6000 மெமரியில் இரண்டு 16 ஜிபி. கார்டு இப்போதைக்கு வேண்டாம், பிராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

டிவிடி டிரைவ் வைக்க இடமுள்ள கேபினெட் கேட்டேன். “இப்போது யார் சார் டிவிடி போடுகிறார்கள்?” அடுக்கி வைத்திருந்த எதிலும் அந்த இடம் இல்லை, முகப்பு முழுக்கக் கண்ணாடியும் வண்ண விளக்கும்தான். கடைப் பையன் கிடங்குக்குப் போய், அட்டைப்பெட்டி வெளுத்துப்போன யுஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றை வேட்டித்துண்டால் துடைத்துக்கொண்டே எடுத்து வந்தான்.

15 ஜூன், சனி

பூட்டியாகிவிட்டது. முதல் முறை ஆன் செய்தபோது விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை மெமரியைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். பயந்து ஸ்விட்சை அணைக்காமல் இருப்பதுதான் சாமர்த்தியம்.

கணினியின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸில் 45 வாட் சிக்கன முறையை வைத்தேன். தனிக் கோரின் வேகம் அதனால் குறைவதில்லை என்றே சொல்லலாம். சென்னை வெயிலில், பிராசஸரோடு கூடவே வந்த சிறு கூலருக்கும் மூச்சு வாங்காது.

16 ஜூன், ஞாயிறு

இன்று டிஸ்க் நாள். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைச் சாதாரண டிவிடி டிரைவே படித்து ஐஎஸ்ஓ கோப்பாக்கிவிடும், அதாவது முழு டிஸ்க்கின் நகலாக ஒரே கோப்பு. எமுலேட்டருக்குத் தேவையான கன்சோலின் பயாஸை, அதாவது அதைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருளை, 4 எம்பிதான், என் பழைய பெட்டியிலிருந்தே எடுத்தேன்.

முதலில் போட்டது ‘ஹனுமான்: பாய் வாரியர்’. 2009-இல் ஹைதராபாத்தில் உருவானது. ஆட்டமாகப் பார்த்தால் சுமார்தான், ஆனால் என் அலமாரியில் அதற்கு மரியாதை உண்டு. முழு வேகம் என்று எமுலேட்டர் காட்டுகிறது. கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் விக்குகிறது. அண்ணன் மகன், “சித்தப்பா, கார்டு இல்லாததால்தான்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் விற்ற பிளேஸ்டேஷன் 2 ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை. நொடிக்கு 50 படம். மானிட்டரோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. ஐந்து படங்களை ஆறு இடங்களில் நிரப்ப வேண்டியிருப்பதால் ஐந்தில் ஒரு படம் இரண்டு முறை தெரிகிறது. கண் அதைத்தான் விக்கலாகப் பார்க்கிறது. பிராசஸருக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் இது போகாது.

நாளை பக்ரீத் விடுமுறை. அதற்கடுத்த நாள் 100 ஹெர்ட்ஸ் ஃபிரீசிங்க் மானிட்டர் ஒன்றை, அதாவது ஆட்டத்தின் வேகத்துக்கேற்பப் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். 48 முதல் 100 வரை அனுசரித்துப் போகும் என்று போட்டிருக்கிறது. 50-உம் அடங்கும், அமெரிக்க டிஸ்க்குகளின் 60-உம் அடங்கும். எமுலேட்டர் கணினிக்குப் பட்டியல் போடுகிறவர்கள் மானிட்டரைக் கடைசியில் ஒப்புக்குச் சேர்க்கிறார்கள். நம் ஊர் டிஸ்க் வைத்திருப்பவருக்கு அது இரண்டாவது வரியில் இருக்க வேண்டும்.

23 ஜூன், ஞாயிறு

மானிட்டர் வந்ததும் விக்கல் நின்றது. உள் கிராபிக்ஸ் அசல் அளவில் ஈடுகொடுக்கிறது. படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினால் திணறுகிறது. அதற்கென்று ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி, வாங்கினேன். அண்ணன் மகனுக்கு ஏக சந்தோஷம்.

‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ அசல் கன்சோலிலேயே திக்கித் திணறி ஓடிய ஆட்டம். பிசிஎஸ்எக்ஸ்2-இல் மையச் சில்லின் வேகத்தை 180 சதவீதமாக்கும் வசதி உண்டு. அதைப் போட்டதும், பெரிய உருவத்தின் முதுகில் ஏறும்போது வழக்கமாக வரும் இழுவை பெரும்பாலும் காணாமல் போனது. இப்படிச் செய்தால் உடைந்துபோகும் ஆட்டங்களும் உண்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். இதற்கும் தனிக் கோரின் வேகம்தான் கைகொடுக்கிறது.

மிச்சம் இருப்பது கன்ட்ரோலர். பிளேஸ்டேஷன் 2-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 2-இன் பட்டன்கள் அழுத்தத்தின் அளவை உணரும். ‘மெட்டல் கியர் சாலிட் 2’-இல் பட்டனை மெல்ல விட்டால் சுடாமலே துப்பாக்கியைத் தாழ்த்தலாம். இன்றைய கன்ட்ரோலர்களில் அது நடக்காது. விரலை எடுத்தால் குண்டு பாய்கிறது, காவலன் விழித்துக்கொள்கிறான். பிளேஸ்டேஷன் 3-இன் டூயல்ஷாக் 3-க்கு அந்த உணர்வு உண்டு, விண்டோஸில் தனி டிரைவர் போட வேண்டும். என்னுடையதில் பேட்டரி உப்பியிருக்கிறது. மாற்று பேட்டரி ரிச்சி தெருவில் கிடைக்குமா என்று புதன்கிழமை விசாரிக்க வேண்டும்.