என் கையின் அளவு

பிள்ளையைத் திருத்துவதற்காக ஓர் அடி போடும் உரிமையைச் சட்டம் பெற்றோருக்குத் தரலாமா என்று கேட்டால், தரக்கூடாது என்றே சொல்வேன். ஆய்வுகளைப் படிப்பதற்கு முன்பே என் கைதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது.

மகளுக்கு அப்போது 4 வயது. ஒரு மாலை மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டாள், சிரித்துக்கொண்டே துடைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே குவளையை அதே மேசையில் மறுபடி தட்டிவிட்டபோது, வேலை விஷயமாகத் தொலைபேசியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்த நான், யோசிக்கும் முன்பே அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். தவறு இரண்டு நாளும் ஒன்றே. மாறியிருந்தது என் மனநிலை. அடுத்த வாரம் கட்டிலுக்கடியில், துணியில் சுற்றிய உடைந்த பென்சில் பெட்டி ஒன்று அகப்பட்டது. பொருளைக் கவனமாகக் கையாள அவள் கற்றுக்கொள்ளவில்லை, ஒளித்துவைக்கக் கற்றிருந்தாள்.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். ஒடித்தால் முருங்கை தழைப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அடித்தால் பிள்ளை தழைக்கிறதா? 75 ஆய்வுகளையும் ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளையும் உள்ளடக்கி 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு, அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னது. அடங்காத பிள்ளைதான் அதிகம் அடிவாங்கும், ஆகவே எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அடியால் நன்மை விளைந்ததற்கான சான்று அந்தத் தொகுப்பில் கிடைக்கவில்லை.

'இலேசான அடி'யை மட்டும் அனுமதிக்கலாமே என்பவர்களுக்கு, கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 2 வயதுக்குக் கீழ் கூடாது, பதின்பருவத்தினரை அடிக்கக் கூடாது, தலையில் கூடாது, பொருளால் கூடாது என்று அது கோடுகள் கிழித்தது. கோபத்தில் ஓங்கிய கை இந்தக் கோடுகளை நினைத்துப் பார்க்குமா? பிரிட்டனில் 'நியாயமான தண்டனை' என்ற வாதம் நெடுங்காலமாகப் பெற்றோருக்குத் துணை நின்றது. ஸ்காட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் அதை நீக்கிவிட்டன. வளர்ந்த ஒருவரைத் திருத்துவதற்காக அடித்தேன் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்லித் தப்ப முடியாதபோது, உருவத்தில் மிகச் சிறியவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு குறைவாக இருந்தது எனக்கு இன்றும் விளங்காத விந்தை.

தடை வந்தால் பெற்றோரெல்லாம் சிறைக்குப் போவார்கள் என்ற அச்சத்தையும் பார்க்க வேண்டும். உலகில் முதலில் தடை விதித்த சுவீடன், 1979இல் அதைக் குடும்பச் சட்டத்தில் சேர்த்ததே தவிர, அந்தப் பிரிவில் தண்டனை எதையும் வைக்கவில்லை. பால் பெட்டிகளில் அச்சிட்டு வீடுவீடாகச் செய்தியைக் கொண்டுசேர்த்தது. நியூசிலாந்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், மிக அற்பமான நிகழ்வுகளில் வழக்குத் தொடராமல் விடக் காவல்துறைக்கு இடம் தருகிறது. அதே சட்டத்தின்படி, சாலைக்கு ஓடும் பிள்ளையைப் பலங்கொண்டு பிடித்து இழுப்பது குற்றமாகாது. இழுத்து நிறுத்திய பின், பாடம் கற்பிப்பதற்காகக் கொடுக்கும் அடிக்குத்தான் இடமில்லை.