நீலோற்பலம் இரவுச் சாப்பாடு வரைக்கும் விரிந்தே இருந்தது

பகல் பதினொரு மணிக்கு மெழுகு வைத்த நீலோற்பலம், அதுதான் நீல அல்லி, இரவு எட்டரை தாண்டியும் கூம்பவில்லை. நத்தார் மேசையின் நடுவில் நீலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

காலையில் விரிந்து பின்னேரம் கூம்புகிற பூ இது. "வெள்ளை அல்லி இரவிலதானே விரியுது, அதையே வையன்" என்றார் அக்கா. நியாயம்தான். ஆனால் மேசைக்கு மருதமுனைக் கைத்தறியில் மஞ்சள் விரிப்பு எடுத்தாயிற்று. அதன் மேல் வெள்ளை எடுபடாது, நீலம் வைத்தால் மஞ்சளும் சேர்ந்து துலங்கும்.

பூ கூம்பாமல் இருக்க இதழடியில் உருக்கிய மெழுகு விடுவது பூ அலங்காரக்காரர்களின் பழைய வித்தை. எல்லாம் மெழுகின் பதத்தில்தான் இருக்கிறது. மெழுகுதிரியைக் கொளுத்தி நேரே சொட்டவிட்டால் கரி படியும், சொட்டும் பெரிதாக விழும். சூடு கூடினால் விழுந்த இடம் கண்ணாடி மாதிரி வெந்து, பிறகு பழுப்பாகும். ஆறிப்போனாலோ இடுக்குக்குள் இறங்காமல் மேலேயே கட்டிவிடும். வெள்ளை மெழுகுதிரியைத் துருவி வெறும் மீன் ரின்னில் போட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். இறக்கி வைத்தபின் ரின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஆடை படியத் தொடங்கும். அதுதான் பதம், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

ஊசியில்லாத சிரிஞ்ச் சரிவராது, மெழுகு உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் வர்ணம் தீட்டுகிற மெல்லிய தூரிகை போதும். பூவைக் கவிழ்க்காமல் பிடித்து, வெளிப்பக்கத்துப் பச்சை இதழ்களும் முதல் வரிசை நீல இதழ்களும் தண்டோடு சேரும் இடத்தில் இடுக்குக்கு ஒரு தொடுகை. நடுவில் மஞ்சள் மகரந்தம் இருக்கிற பக்கம் போகவே வேண்டாம். பூ முழுக்க விரிந்த பிறகுதான் இந்த வேலை. பாதி விரிந்ததில் வைத்தால் பாதியிலேயே நின்றுவிடும். மூட்டமான நாளில் பூவே சோம்பலாகத்தான் விரிகிறது, டிசம்பர் மழையில் மட்டக்களப்பில் வெயிலுக்கு எங்கே போவது?

பூ உன்னிச்சைப் பக்கத்தில் இருந்து வருகிறது. கொண்டுவருபவரிடம் தண்டை நீளமாக வெட்டி, வாளித் தண்ணீரோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஈரச்சாக்கில் சுற்றிவந்த கட்டு வழியிலேயே கூம்பிப்போய்ப் பிறகு விரியவே இல்லை. பட்டணத்துப் பூக்கடை ஒன்றில் மலையக ரோசா கேட்டேன். வெளியிதழ் எல்லாம் நசுங்கிக் கறுத்திருந்தது, விலை மட்டும் பண்டிகை விலை! அப்புறம் ரோசாவைக் கைவிட்டேன்.

பூத்தண்டு குத்தி நிறுத்துகிற பச்சை ஃபோம் இதற்கு உதவாது. அல்லித் தண்டின் உள்ளே காற்றுத் துளைகள்தான், குத்தினால் மடியும். போதாததற்கு அந்த ஃபோம் உக்காத பிளாஸ்டிக். அகலமான மண்சட்டிக்குள் கோழிக்கூட்டுக் கம்பிவலையைக் கசக்கி வைத்து, கண்களுக்குள் தண்டுகளைச் செருகினால் தலை நிமிர்ந்து நிற்கும். உயரத்துக்கு என் அளவு, மேசையில் ஊன்றிய முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. அதைத் தாண்டினால் எதிரில் இருக்கிற மாமா புரியாணித் தட்டைக் கேட்பதற்கு எட்டிப் பார்க்க வேண்டும்.

விரிப்பின் நீளத்துக்கு செவ்வரத்தை. தண்ணீர் இல்லாமலே ஒரு பகல் தாங்கும் என்பதால் அப்படியே மேசையில் வைக்கலாம். ஆனால் இருட்டும்போது சுருங்கிவிடும், அதனால் அது மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும். அதற்கு மெழுகு வைத்துப் பார்க்கும் எண்ணம் இல்லை.

சித்திரைப் புத்தாண்டுக்குத் தாமரை மொட்டு வாங்கி, கோயிலுக்கு வைக்கிற மாதிரி இதழை உள்ளே மடித்து ஒரு வரிசை செய்யலாம் என்று இப்போதே கை பரபரக்கிறது. ஆனால் இந்த மேசையின் இரண்டு முனைகளும் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. குரோட்டன் இலை இருக்கிறது, கூட செம்மஞ்சள் போகன்விலா வைக்கலாம். வெட்டியதும் கொத்தோடு தண்ணீரில் முக்கி எடுத்தால் எவ்வளவு நேரம் வாடாமல் நிற்கும் என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.