பச்சையை நம்புவதற்கு முன்பு

பிரவுசர் டெஸ்ட் ஓடுவதற்கு முன்னால், கோடை ஓட்டாமல் வாசித்தே தவறு காட்டும் லிண்ட் ஓடியே ஆக வேண்டும் என்று எங்கள் டீமில் முடிவெடுத்தபோது, மேலிடத்தில் சொன்ன காரணம் நேரம். பிரவுசரில் தளத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை சோதிக்கும் எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் முழுதாக ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆகும். லிண்ட் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அறிவிக்காத ஒரு வேரியபிளுக்காகக் குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் என்று மூன்று பிரவுசர்களையும் எழுப்பி, லாகின் பண்ணி, பாதி வழியில் விழுந்து எழுந்திருப்பானேன்? மேனேஜருக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போனது. கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் சிஐ சர்வருக்கு நிமிடக் கணக்கில் பில் வருகிறது என்பதால் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே பிடித்தது.

அந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் இன்றைக்கு யாராவது கேட்டால் அதைக் கடைசியாகத்தான் சொல்வேன். பிரவுசர் டெஸ்ட்டால் சொல்லவே முடியாத சில விஷயங்கள் உண்டு. அவற்றை லிண்ட் சொல்கிறது. மிச்சமான நிமிடங்கள் எல்லாம் அதற்கு மேல் கிடைத்த கொசுறு.

எங்கள் அலுவலகம் சென்னைப் பெருங்குடியில், ஓஎம்ஆரை ஒட்டி. நாங்கள் செய்வது ஒரு கட்டணம் செலுத்தும் தளம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் திரை வரும். டெஸ்ட்டுகளைப் பிளேரைட் என்ற பிரவுசர் டெஸ்ட் கருவியில் எழுதுகிறோம். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து வந்தவர்கள். ஒரு திரையைப் பார்த்ததும் எங்கே உடையும் என்று மூக்கில் வியர்த்துவிடும் ஆட்கள். டெஸ்ட் எழுதும் மொழியான டைப்ஸ்கிரிப்ட் மட்டும் அவர்களுக்குப் புதிது. அதிலும் 'இது முடியும்வரை காத்திரு' என்று சொல்லும் 'அவேய்ட்' என்ற சொல்லை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது ரொம்ப நாள் குழப்பமாக இருந்தது.

இந்த அவேய்ட் விவகாரத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். பணம் கட்டியதும் ரசீது திரையில் தெரிகிறதா என்று பார்க்கும் எக்ஸ்பெக்ட் வரிதான் டெஸ்ட்டின் கடைசி வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் அவேய்ட் இல்லை. பிளேரைட்டில் இந்தச் சோதனை ஒரு ப்ராமிஸ், அதாவது பதில் பிறகு வரும் என்ற வாக்குறுதி. வழக்கமாக ஐந்து விநாடி வரை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லும். அவேய்ட் இல்லாவிட்டால் அந்தப் பதிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. டெஸ்ட் முடிந்துவிடும், பக்கம் மூடப்படும், பச்சை டிக் விழும். ரசீது வந்ததா என்ற கேள்வி கேட்கப்பட்டது, பதில் வாங்கப்படவில்லை. சில சமயம் அந்தத் தோல்வி தாமதமாக எழுந்து, சம்பந்தமே இல்லாத அடுத்த டெஸ்ட்டின் தலையில் போய் விழும். அப்போது அந்த அப்பாவி டெஸ்ட்டுக்கு 'ஃபிளேக்கி' (சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில்) என்று பட்டம் கட்டி, மறுபடி ஓட்டும் ரீட்ரை எண்ணிக்கையை ஏற்றிவிடுவோம்.

எத்தனை முறை ஓட்டினாலும் இதைப் பிரவுசர் கண்டுபிடித்துச் சொல்லாது. அதன் பார்வையில் எல்லாம் சரி. கோடை ஓட்டாமல், எழுத்தாக மட்டும் வாசிக்கிற ஒன்றுக்குத்தான் இது கண்ணில் படும். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட்டுக்கான லிண்ட் கருவியான ஈஎஸ்லிண்ட்டின் பிளேரைட் பிளக்-இன்னில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. அது முக்கியமாக எக்ஸ்பெக்ட் வரிகளைத்தான் பார்க்கும். நாமே எழுதிய ஹெல்ப்பர் ஃபங்ஷன்களில் விட்டுப்போன அவேய்ட்டையும் பிடிக்க, டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லிண்ட்டில் இருக்கும் 'நோ ஃப்ளோட்டிங் ப்ராமிசஸ்' வேண்டும். டைப் விவரங்கள் முழுவதையும் படிப்பதால் லிண்ட் கொஞ்சம் மெதுவாகும். நாங்கள் இரண்டையும் போட்டோம். மெதுவானதைப் பற்றி முனகியவர்கள் முதல் பட்டியலைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்த டெஸ்ட்டுகள் அதில் வரிசையாக இருந்தன.

இன்னொன்று 'டாட் ஒன்லி'. ஒரு டெஸ்ட்டைத் தனியாக ஓட்டிப் பார்க்க எல்லோரும் அதைப் போடுவோம். எடுக்க மறந்து கமிட் ஆகிவிட்டால் (கோடில் பதிவாகிவிட்டால்), அந்த ஒன்று மட்டும் ஓடி, டெஸ்ட்டுகளின் தொகுப்பான சூட் முழுவதும் பச்சையாகிவிடும். எங்கள் ஜூனியர் ஒருவன் ஒரு நாள் சந்தோஷமாக வந்து சொன்னான்:

"அண்ணா, இன்னிக்கு சூட் செம ஃபாஸ்ட்டுண்ணா. எல்லாமே பாஸ்."

"எத்தனை டெஸ்ட் ஓடுச்சுன்னு பாத்தியா?"

"பச்சையா இருந்துச்சேண்ணா…"

அவனைச் சொல்லிப் பயனில்லை. சிவப்பு விழுந்தால் நாலு பேர் லாகைத் திறந்து பார்ப்பார்கள். பச்சையை யார் திறந்து பார்க்கிறார்கள்? அதுவும் சாயங்காலம் கேப் கிளம்புகிற நேரத்தில், மத்திய கைலாஷ் சிக்னலை நினைத்துக்கொண்டே மெர்ஜ் பட்டனை அழுத்துகிறவர்கள் நாங்கள். சிஐ-யில் ஒன்லி இருந்தால் ஓடாதே என்று பிளேரைட்டின் கான்ஃபிகிலேயே சொல்லிவைக்கலாம்; 'ஃபர்பிட் ஒன்லி' என்று பெயர். அதையும் போட்டோம், லிண்ட் விதியையும் போட்டோம். இரட்டைப் பூட்டு வீண் என்று ஒருவர் வாதாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லிண்ட் எடிட்டரிலேயே சிவப்புக் கோடு போட்டுவிடுகிறது. சர்வர் வரைக்கும் போய் அவமானப்பட வேண்டியதில்லை.

லிண்ட்டின் பழைய கதை இந்த இடத்தில் எனக்கு வேடிக்கையாக இருக்கும். பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் சி மொழிக்காக அதை எழுதியபோது, கம்பைலர் வேகமாக வேலையை முடிக்கட்டும், நிதானமாக உட்கார்ந்து நிரல் முழுவதையும் பார்க்கிற வேலையை லிண்ட் செய்யட்டும் என்றுதான் இரண்டையும் பிரித்து வைத்தார்கள். அன்று பொறுமைசாலி லிண்ட். இன்று பிரவுசர் டெஸ்ட் வந்த பிறகு, வரிசையில் அவசரக்காரன் லிண்ட்தான்.

2013-ல் நிக்கோலஸ் ஸக்காஸ் தொடங்கிய ஈஎஸ்லிண்ட்டில் எனக்குப் பிடித்தது, நம் வீட்டு விதிகளை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்பது. எங்களுக்கு அது கைகொடுத்தது ஒரு தமிழ்ச் சிக்கலில். கட்டணத் திரையைச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. லாகில் எதிர்பார்த்தது 'மொத்தத் தொகை', கிடைத்தது 'மொத்தத் தொகை'. இரண்டும் ஒன்றுதானே! ஸ்க்ரீன்ஷாட்டில் சரியாக இருக்கிறது. டெஸ்ட் ஓடிய பதிவான டிரேஸில் சரியாக இருக்கிறது. ஸ்பேஸ் இருக்குமோ என்று தேடினார்கள், ஃபாண்ட் லோட் ஆகவில்லையோ என்று டைம்அவுட்டைக் கூட்டினார்கள்.

யூனிகோடில் 'மொ' என்பதை இரண்டு விதமாக எழுதிவைக்கலாம். மகரத்துக்குப் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் நேராக ஒப்பிட்டால் வேறு வேறு. எங்கள் மொழிபெயர்ப்பு பழைய ஃபாண்ட் ஒன்றில் தட்டச்சாகி, கன்வர்ட்டர் வழியாக யூனிகோடுக்கு வந்தது. அதில் கொம்பும் காலும் பிரிந்தே கிடந்தன. டெஸ்ட் எழுதியவர் கீபோர்டில் அடித்தது சேர்ந்த வடிவம்.

தளத்தில் எந்தப் பிழையும் இல்லை, டெஸ்ட்டிலும் தர்க்கப் பிழை இல்லை, இருந்தும் சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் காரணம் சொல்லப் பிரவுசரிடம் வார்த்தையே இல்லை. லிண்ட் விதி எழுதுவதோ எளிதாக இருந்தது: கோடில் உள்ள ஒவ்வொரு எழுத்துச் சரத்தையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, மாற்றியதும் மூலமும் ஒன்றாக இல்லையென்றால் வரி எண்ணைக் காட்டி நிறுத்து. மொழிபெயர்ப்புக் கோப்பு ஜேசன் என்ற தரவு வடிவில் இருப்பதால் அதற்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட், அதே லிண்ட் படியில். தமிழில் தளம் செய்கிற எல்லோரும் இதைப் போட்டுக்கொள்ளலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இந்தப் பிரச்சினை உண்டு.

எந்த இடத்தில் லிண்ட்டை மாட்டுவது என்பதில் நிறையப் பேசினோம். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மில் ஒரு ஸ்கிரிப்ட்டின் பெயருக்கு முன்னால் 'ப்ரீ' சேர்த்து இன்னொன்று எழுதிவைத்தால், அது தானாகவே முதலில் ஓடும். அழகான ஏற்பாடுதான். ஆனால் அவசரத்தில் இருக்கிறவர் அந்த ஸ்கிரிப்ட்டை விட்டுவிட்டு நேராகப் பிளேரைட் கட்டளையை அடித்துவிடுவார். ஹஸ்கி என்ற கருவியை வைத்து கமிட்டுக்கு முன் ஓடவிட்டால், 'நோ வெரிஃபை' என்று ஒரு சொல் சேர்த்துத் தாண்டிவிடலாம். ஆகவே லோக்கலில் இருப்பதெல்லாம் வசதிக்கு. காவல் சிஐ-யில்தான்: லிண்ட் ஜாப் பாஸ் ஆனால்தான் பிரவுசர் ஜாப் தொடங்கும். கூடவே மேக்ஸ் வார்னிங்ஸ் பூஜ்யம், ஒரு எச்சரிக்கை வந்தாலும் ஃபெயில். மஞ்சள் எச்சரிக்கையை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை, டிராஃபிக்கிலும் சரி, டெர்மினலிலும் சரி.

பழைய கோடில் முதல்முறை ஓட்டியபோது டெர்மினல் நிற்காமல் உருண்டது. தானாகத் திருத்தக் கூடியவற்றை ஒரே கமிட்டில் திருத்தினோம். அந்தக் கமிட்டின் எண்ணை, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் கண்டுகொள்ளாதபடி ஒரு கோப்பில் எழுதிவைத்தோம், கிட் 2.23-லிருந்து இந்த வசதி உண்டு. இல்லையென்றால் எல்லா வரிக்கும் நானே பொறுப்பாளி ஆகியிருப்பேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, ஒருவர் கோடை இன்னொருவர் பார்க்கும் ரிவ்யூவில் நடந்தது. முன்பெல்லாம் சீனியர் ஒருவர் 'வெயிட் ஃபார் டைம்அவுட்' போட்டு ஐந்து விநாடி சும்மா நிறுத்திவைத்தால், ஜூனியர் அதைப் பார்ப்பாள், எழுத மாட்டாள். "அவர்கிட்ட எப்படிக்கா சொல்றது?" என்று பக்கத்து சீட் அக்காவிடம் முணுமுணுப்பதோடு சரி. இப்போது அதை மிஷின் சொல்கிறது. மிஷினோடு யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. திட்டுகிறவர்கள் அதையே திட்டிக்கொள்கிறார்கள். ஒரே நஷ்டம் டீக்கடைக்கு. டெஸ்ட் ஓடுகிற முக்கால் மணி நேரம் கீழே போகிற நேரம். இப்போது லிஃப்ட் வருவதற்குள் லிண்ட் நிறுத்திவிடுகிறது.

இதற்காக லிண்ட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டேன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர் மாதிரி அது. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை, சாட்சி முகவரி விட்டுப்போச்சு என்று உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுவார். நிலம் உண்மையில் உங்களுடையதா என்பது அவருக்குத் தெரியாது. தவறான தொகையைச் சரியான அவேய்ட்டோடு சோதித்தால் லிண்ட் வாயே திறக்காது.

இப்போது சண்டை டெஸ்ட்டுக்குள் 'இஃப்' போடலாமா என்பதில் நிற்கிறது. பேமென்ட் கேட்வேயின் சாண்ட்பாக்ஸ் (சோதனைக்கான போலித் தளம்) சில நேரம் ஓடிபி திரையைக் காட்டும், சில நேரம் காட்டாது. ஓடிபி தெரிந்தால் நிரப்பு என்று எழுதுகிறார்கள். அந்த 'தெரிகிறதா' என்ற கேள்வி காத்திருக்காமல் அந்த நொடியிலேயே பதில் சொல்லிவிடும். திரை ஒரு விநாடி தாமதமாக வந்தால் இஃப்புக்குள் இருக்கும் எக்ஸ்பெக்ட் ஓடவே ஓடாது, டெஸ்ட் பச்சை. இஃப்புக்குள் எக்ஸ்பெக்ட் கூடாது என்ற விதியை எர்ரராக்கிவிட்டோம். இஃப்பே கூடாது என்ற விதியைப் போட வேண்டும் என்கிறேன் நான். சாண்ட்பாக்ஸ் என்ன உங்க அப்பா வீட்டுதா, நாம சொன்னபடி நடக்க என்கிறார் டெஸ்டிங் லீட். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு. விலக்குக்கு மேலே காரணம் எழுதாவிட்டால் லிண்ட் அதையும் ஒத்துக்கொள்ளாது.