பொம்மைக் கடையில் நின்றவர்

படிக்கிற காலத்தில் லண்டனில் ஒரு பொம்மைக் கடையில் கிறிஸ்துமஸ் சீசனுக்கு மட்டும் ஆறு வாரம் வேலை பார்த்தேன். 'இதுக்குள்ள பேட்டரி இருக்கா?' என்ற ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும், உட்காரக் கூடாது, மதியத்துக்கு மேல் குதிகால் கல்லாகிவிடும். ஒருநாள் பில்லில் விலையைத் தப்பாக அடித்துவிட்டேன். வாடிக்கையாளர் முன்னாலேயே சூப்பர்வைசர் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றைக்கு டீ இடைவேளையில்தான், கூட வேலை பார்த்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் நடிகை லிஸ் ஸ்மித் கதையைச் சொன்னார். அவரும் நம்மைப் போல நின்றவர்தான் என்று ஆரம்பித்தார்.

எனக்கு லிஸ் ஸ்மித் என்றால் 'தி ராயில் ஃபேமிலி' தொடரில் வரும் பாட்டிதான். ராயில் என்பது குடும்பப் பெயர்; 'ராயல்' என்று காதில் விழும், ஆனால் அரச குடும்பம் இல்லை, மான்செஸ்டரில் டிவி முன்னாலேயே வாழ்நாளைக் கழிக்கும் ஒரு குடும்பம். அதில் அவர் சோபாவில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் வேலை மாதிரி தெரியும். நம் ஊரில் குணச்சித்திர நடிகை என்கிறோமே, அந்த வகை. துணை நடிகை என்று எழுதினால் கூட்டத்தில் நிற்பவர் ஆகிவிடுவார்.

1921இல் ஸ்கந்தார்ப் என்ற இரும்பாலை ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, அப்பாவும் விட்டுவிட்டுப் போக, பாட்டிதான் வளர்த்தார். போர்க்காலத்தில் கடற்படைப் பெண்கள் பிரிவில் வேலை, அப்புறம் கல்யாணம், இரண்டு குழந்தைகள், 1959இல் விவாகரத்து. பிளாஸ்டிக் பை ஆலை உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1970 கிறிஸ்துமஸ் சமயத்தில் ரீஜென்ட் தெருவில் உள்ள ஹாம்லீஸ் கடையில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தபோது மைக் லீ என்ற இளம் இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது. வயது 49.

இந்த இடத்தில் எல்லோரும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மைக் லீ எழுதி முடித்த வசனத்தோடு வருகிற ஆள் இல்லை. நடிகர்களை வாரக்கணக்கில் உட்காரவைத்து, அந்தந்தப் பாத்திரமாகவே பேசவும் நடக்கவும் விட்டு, அதிலிருந்து படத்தை எடுப்பவர். அதற்கு என்ன பழக்கம் வேண்டுமோ அதைத்தான் லிஸ் ஸ்மித் சார்ல்ஸ் மரோவிட்ஸ் என்பவரின் நடிப்புப் பயிற்சிக் குழுவில் முன்பே கற்றிருந்தார். பகலெல்லாம் கூலி வேலை செய்துவிட்டு, வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, யாரும் காசு தராத ஒன்றை விடாமல் செய்வது எப்படிப்பட்டது என்று நாள் முழுக்க நின்ற கால்களுக்குத் தெரியும். நான் அறைக்குப் போனால் ஷூவைக் கூடக் கழற்றாமல் படுத்துவிடுவேன்.

மைக் லீ அழைத்து நடிக்கவைத்த அந்தப் படம், 'ப்ளீக் மொமென்ட்ஸ்', 1971இல் வந்தது. அப்புறம் 1984இல் 'எ பிரைவேட் ஃபங்ஷன்': ரேஷன் காலத்தில் திருட்டுத்தனமாகப் பன்றி வளர்க்கும் ஊர், அதில் மேகி ஸ்மித்துக்கு அம்மாவாக நடித்தார். நிஜத்தில் மகளை விடப் பதின்மூன்று வயதுதான் மூத்தவர்! அதற்கு பிரிட்டிஷ் சினிமாவின் பெரிய விருதான பாஃப்டா கிடைத்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது 2006இல் வந்த ராயில் ஃபேமிலி சிறப்புப் பகுதிதான். பாட்டி படுத்த படுக்கையாக இருக்க, மகள் தலைமுடியைச் சரிசெய்துவிடுகிறாள். லிஸ் ஸ்மித் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சுகமாக இருக்கிறது என்று முகம் மட்டும் சொல்கிறது, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

87 வயதில், பக்கவாதத்துக்குப் பிறகுதான் நடிப்பை நிறுத்தினார். 2016 டிசம்பர் 24 அன்று 95 வயதில் இறந்தார். செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது படங்கள் இல்லை, அந்தத் தேதியில் கவுன்டர் இருக்கும் கோலம்தான்: காலியான அலமாரிகள், தீர்ந்துபோன செலோடேப், மூச்சிரைக்க ஓடி வந்து 'எது மிச்சம் இருக்கோ அதையே கொடு' என்று நிற்கும் அப்பாக்கள்.