கறிவேப்பிலைக்கு ஒரு சால்வை

ஆயா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி, கொல்லையில் நின்ற கறிவேப்பிலைச் செடிக்குப் போர்த்திவிட்டார்.

"உங்களுக்கு, ஆயா?" என்றேன்.

"எனக்கு அடுப்படி இருக்கிறது. அதற்கு யார் இருக்கிறார்கள்?"

இன்று 2024 செப்டம்பர் 21, புரட்டாசி முதல் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் இது வசந்த காலம். ஆனால் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, என்3 நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். இலைச் சாப்பாட்டுக்காக ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பிய அண்ணன், ஹாரிஸ்மித் பக்கம் காருக்குள்ளேயே இரவைக் கழித்திருக்கிறான். லேடிஸ்மித்தில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெயிலை நினைத்துக் கட்டிய வீடுகள் இவை. ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்தும் தரையில் கால் வைக்க முடியவில்லை.

1860இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் ஒருபுறம். இந்த வட நேட்டால் மேட்டில் ரயில் பாதைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் வந்தவர்கள் முதல் குளிர்காலத்தில் எதைப் போர்த்திக்கொண்டிருப்பார்கள்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புல் நுனியில் நிற்கும் மார்கழிப் பனிதான். மலையையே மூடும் இதற்கும் நம்மிடம் அந்த ஒரு சொல்தான்.

ஆயா பருப்பும் பூசணிக்காயும் சமைத்து இலை போட்டுவிட்டார். அண்ணனுக்கும் ஓர் இலை. தண்ணீர் தெளித்து, உப்பு மட்டும் வைத்திருக்கிறார்.

சாலை திறக்கும்வரை அதை யாரும் எடுக்கக் கூடாதாம்.