புழுக்கைக்காகக் காத்திருந்த இரவு

ஆடிக் காற்றைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கம் தென்னை மட்டை விழுந்த சத்தம் கேட்டது. கூடவே ஒரு அலறல், பச்சைக் குழந்தை வீறிடுவது மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தால் எங்கள் முயல் வெல்லம். இரண்டு வருடமாக வளர்க்கிறோம், முயலுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

மட்டை கூண்டின் மேல் விழவில்லை, பக்கத்தில்தான் கிடந்தது. சத்தத்துக்குத் துள்ளியதில் பின்னங்கால் கம்பி வலையில் மாட்டிக்கொண்டது. உதறி உதறி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரால் வலையை நறுக்க, நான் இரண்டு கையாலும் இடுப்பைத் தாங்கிக்கொண்டேன். முயலுக்கு எலும்பு ரொம்ப லேசு. பயத்தில் பலமாக உதைத்தால் தன் முதுகெலும்பையே உடைத்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அத்தையின் பழைய நூல்புடவையில் சுற்றி மடியில் வைத்தேன். கத்தல் நின்றுவிட்டது, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. காது இரண்டும் ஜில்லென்று இருந்தன. எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் காது அது. மூக்கு மட்டும் விடாமல் துடித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். "தண்ணி தெளிங்கக்கா" என்று ஒரு குரல். எல்லாரையும் போகச் சொன்னேன். தெரிந்த கால்நடை டாக்டருக்குப் போன் போட்டபோது அவர் சொன்னதும் அதுதான்: "இருட்டா, கதகதப்பா ஒரு இடத்துல வைம்மா. சும்மா சும்மா தொட்டுப் பாக்காதீங்க. வீட்ல இருக்கிற மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க. காலைல பாண்டி கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்துடுங்க." கடைசியாக ஒன்று கேட்டார். "புழுக்கை போட்டுதா?"

கால் உடைந்து கிடக்கும்போது இது என்ன கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். முயலின் குடல் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாய், பூனை மாதிரி அதால் வாந்தி எடுக்க முடியாது. வலியோ பயமோ அதிகமானால் சாப்பாட்டை நிறுத்தும், குடலும் நின்றுபோகும், உள்ளே காற்று சேர்ந்து வயிறு உப்பும். அரை நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து. கால் காயம் காத்திருக்கும், குடல் காத்திருக்காது என்றார்.

தையல் துணி வைக்கும் அட்டைப்பெட்டியில் வெல்லத்தை வைத்து, கொத்தமல்லியும் அருகம்புல்லும் பக்கத்தில் போட்டேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. அத்தை உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். "வாயில்லா ஜீவன், யார் கண்ணு பட்டுச்சோ." மிளகாய்ப் புகை அதற்கு ஆகாது அத்தை என்றதும் மிளகாயை வைத்துவிட்டு உப்பை மட்டும் மூன்று சுற்று சுற்றித் தண்ணீரில் கரைத்தார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. விடிய விடிய, மணிக்கொரு தரம் செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தேன். விரித்த துணி சுத்தமாகவே இருந்தது.

காலையில் முதல் வேலையாகக் கார் பிடித்து, குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். பாதத்தில் ஒரு எலும்பில் விரிசல். சின்னதாகச் சிம்பு வைத்துக் கட்டினார்கள். கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்கள், வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நமக்குச் சளிக் காய்ச்சலுக்கு எழுதித் தருகிற அமாக்ஸிசிலினை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மாத்திரை வேண்டாம் என்று போனில் சொன்ன டாக்டரை மனதுக்குள் கும்பிட்டேன்.

சிரிஞ்சில் ஊட்டவும் அங்கேயே பழக்கிவிட்டார்கள். ஊசி கழற்றின சிரிஞ்ச். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது, பக்கவாட்டிலிருந்து அதன் வழியாகத்தான் விட வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பெல்லட் என்கிற முயல் தீவனத்தை ஊறவைத்துக் கொத்தமல்லியோடு அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முதலில் பாதிக்கு மேல் என் புடவையில்தான் வழிந்தது. பிறகு ஒரு வாய் விழுங்கியது. தாடை அசைவதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்று ராத்திரி பதினோரு மணிக்குத் துணியில் நான்கு புழுக்கை. மிளகு அளவுதான், கறுப்பாக, கெட்டியாக. அவரை எழுப்பிக் காட்டினேன். அத்தையும் எழுந்து வந்து பார்த்தார். இரண்டு நாளில் கொண்டைக்கடலை அளவுக்கு வந்தது. விரலால் நசுக்கினால் உள்ளே புல் நார் தெரிந்தது. அப்போதுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

கால் ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது. பயம்தான் போகவில்லை. முன்பெல்லாம் தையல் மிஷின் ஓடினால் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். இப்போது மிதியில் கால் வைத்தாலே பீரோ அடிக்கு ஓடியது. கையை நீட்டினால் உடம்பு விறைத்தது. முயலுக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் எதிரே இருப்பது அதற்குத் தெரியாது. நேராக நீளும் கை திடீரென்று முளைத்த மாதிரிதான் இருக்கும். அதனால் கை நீட்டுவதையே விட்டேன். வழுக்காமல் இருக்கத் தரையில் கோணி விரித்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கையால் ஹெம்மிங் போட்டேன். தினமும் ஒரு மணி நேரம். மிஷின் வேலையெல்லாம் அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பதினெட்டாவது நாள் இடுப்பில் ஈர மூக்கு பட்டது. நான் திரும்பவில்லை.

கம்பி வலைக் கூண்டு இப்போது கிடையாது. இரவில் மரப்பெட்டி, பகலில் வீட்டுக்குள்தான். மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டுக் காய்ந்த மட்டையையெல்லாம் கழித்துவிட்டோம். அதைப் போன வருடமே செய்திருக்க வேண்டும்.

போன வாரம் பின்வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு மட்டை விழுந்தது. நான் மிஷினில் இருந்தேன். வெல்லம் பின்னங்காலால் தரையைத் தட்டென்று அடித்துவிட்டு ஓடியது. பீரோ பக்கம் இல்லை. மிஷினுக்கு அடியில் நுழைந்து, என் இரண்டு பாதத்துக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டது. மிதியிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அதன் காது வெதுவெதுப்பாகக் கணுக்காலில் பட்டுக்கொண்டிருந்தது.